பேக்கிங் மரத்தில் செடிப்பெட்டி செய்யும் முன்

தச்சு வேலையிலேயே எளிய வேலை செடிப்பெட்டி. நான்கு பக்கம், ஒரு தளம், நான்கு கால். கதவு நிலை செய்கிற கைக்கு அது பொழுதுபோக்கு. ஒரு ட்ரில் மெஷினும் ரம்பமும் இருந்தால் வங்கியில் வேலை பார்ப்பவர்கூட ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். செலவு முழுக்க மரத்தில்தான். புதுத் தேக்கு, வேங்கை என்று போனால் அதில் விளையும் அரைக்கீரையைக் கட்டுக் கணக்கில் விற்றுக் கட்டுப்படியாகாது. அதனால் எல்லோரும் பழைய மரத்தைத் தேடுகிறார்கள். அதில் தப்பில்லை, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பழைய மரம், முன்பு இருந்த இடத்தில் எதைக் குடித்ததோ அதையும் சேர்த்துக் கொண்டுவரும். நாற்காலிக்கு அது பெரிய விஷயமில்லை. கீரைக்குப் பெரிய விஷயம்.

என் பட்டறை அம்பத்தூர் பக்கம். தொழிற்பேட்டைக்கு மெஷின் வந்து இறங்கும் பேலட்டுகள், அதாவது பேக்கிங் மரக்கட்டைகள், இங்கே எளிதாகக் கிடைக்கும். பெரும்பாலும் பைன் மரம். லேசானது, அறுக்கச் சுலபம், விலையும் குறைவு. மாடித்தோட்டம் பரவிய பிறகு இதைக் கேட்டு வருபவர்கள் அதிகம். அவர்களில் பாதிப் பேர் பேலட்டின் பக்கவாட்டில் சூடு போட்டதுபோல் இருக்கும் முத்திரையைக் கவனிப்பதே இல்லை.

அந்த முத்திரையில் இடது பக்கம் ஒரு கோதுமைக் கதிர் படம் இருக்கும். அதன் அருகே நாட்டின் குறி, அதோடு பதப்படுத்திய நிறுவனத்தின் எண். இந்தியா என்றால் ஐ.என். (IN). கூடவே இன்னும் இரண்டு எழுத்துகள் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். ஹெச்.டி. (HT) என்றால் சூடுபடுத்திய மரம்: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அந்தச் சூடு 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும். எம்.பி. (MB) என்றால் பூச்சியைக் கொல்ல மீதைல் புரோமைடு வாயு அடித்த மரம். ஒரு நாட்டுப் பூச்சி மரத்தோடு மரமாக இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஐ.எஸ்.பி.எம். 15 என்று சர்வதேச விதி இருக்கிறது. அதன்படி போடுவதுதான் இந்த முத்திரை.

மீதைல் புரோமைடு மனிதனுக்கு நஞ்சு, ஓசோன் படலத்துக்கும் கேடு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-லேயே அதை நிறுத்திவிட்டது. மற்ற பல நாடுகளில், சரக்கோடு பூச்சி போகாமல் தடுக்க மட்டும் இன்னும் அனுமதி உண்டு. வாயுதானே, பறந்துவிடும் என்பார்கள். பெரும்பகுதி பறந்துவிடும், உண்மைதான். ஆனால் பக்கத்து அடுக்கிலேயே ஹெச்.டி. கட்டை அதே விலையில் கிடக்கும்போது இதை எடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? சமையலுக்குப் போகும் செடிக்கு எம்.பி. மரத்தை நான் அறுத்துக் கொடுப்பதில்லை.

முத்திரையே இல்லாத கட்டைகளும் நிறைய வரும். உள்நாட்டுக்குள் மட்டும் சுற்றும் பேலட்டுக்கு முத்திரை கட்டாயமில்லை, அதனால் அது கெட்ட மரம் என்று அர்த்தமில்லை. அப்போது கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். எண்ணெய்க் கறை, வெள்ளைப் பொடி படிந்த இடம், ஏதாவது ரசாயன நெடி இருந்தால் விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு மூலையில் கொஞ்சம் இழைத்து முகர்ந்து பாருங்கள். நல்ல பைன் என்றால் பிசின் வாசனைதான் வரும். நீல வண்ணம் அடித்த பேலட் பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. அது கடைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது, அதனால் வாங்காமல் இருப்பதே நல்லது.

"ஹெச்.டி. போட்ட மரம்தானே, இனிமே கரையான் வராதுல்ல அண்ணே?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வரும். நன்றாகவே வரும். அந்தச் சூடு அன்றைக்கு மரத்துக்குள் இருந்த பூச்சியைக் கொல்லும், அவ்வளவுதான். நாளைக்கு ஏறும் கரையானுக்கு அது பைன் பலகை, பாயசம் மாதிரி. மண்ணைத் தொடாமல் பெட்டியைத் தூக்கி வைப்பது ஒன்றுதான் உருப்படியான தடுப்பு.

பேலட்டை விட எனக்குக் கவலை தருவது இடித்த வீட்டு மரம். பழைய மரக்கடையில் கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் தேக்காகவே கிடைக்கும், பார்த்தால் ஆசை வரும். ஆனால் அதன் மேல் நான்கைந்து பூச்சு பெயின்ட் இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அது செதில் செதிலாக உரிந்து மண்ணில் விழும். சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாமே என்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் முதலில் போவது தேய்ப்பவர் நுரையீரலுக்கு, அடுத்து வீட்டில் தவழும் குழந்தையின் கைக்கு. பெயின்ட் அடித்த பழைய மரம் தோட்டத்துக்கு வேண்டாம்.

தொழிற்சாலையில் தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய கூலிங் டவரைப் பிரித்த மரமும் சில சமயம் சந்தைக்கு வரும். லேசான பச்சை ஓடியிருக்கும், கல் மாதிரி இருக்கும், கரையான் தொடாது. ஏன் தொடாது என்று யோசிக்க வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றியிருப்பார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு இந்த மருந்தை 2003-ம் ஆண்டு இறுதியோடு நிறுத்தினார்கள். தார் வாடை அடிக்கும் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையும் அப்படித்தான், கிரியோசோட் என்ற தார் மருந்தைக் குடித்தது. ப்ளைவுட் மிச்சத் துண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒரு மழைக்காலத்தில் அப்பளமாகப் பிரிந்துவிடும்.

அப்புறம் வேஸ்ட் ஆயில். நம் ஊரில் மரம் என்றாலே வண்டி மெக்கானிக் ஷெட்டில் இருந்து கறுப்பு ஆயிலை வாங்கி இரண்டு பூச்சு பூசிவிடும் வழக்கம் இருக்கிறது. வேலிக்கால், மாட்டுக்கொட்டகைத் தூண் என்று தொடங்கி இப்போது செடிப்பெட்டி வரை வந்துவிட்டது. ஓடிய என்ஜின் ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள் இருக்கும், புற்றுநோய் வரவழைக்கும் கரி சார்ந்த சேர்மங்கள் இருக்கும். மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதிகளில் அது அபாயக் கழிவு. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது மண்ணுக்குள் இறங்கும், அந்த மண்ணில்தான் கொத்தமல்லி முளைக்கிறது. வீட்டு அஸ்திவாரத்துக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ் கரையான் மருந்தைப் பெட்டிக்குள் பூசுவதும் இதே கதைதான்.

வெளிப்பக்கம் ஏதாவது பூசியே ஆக வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். சீக்கிரம் காய உலோக உப்பு சேர்க்காத, காய்ச்சாத எண்ணெயாக வாங்குங்கள், காய நாளாகும், பரவாயில்லை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். பேலட் பெரும்பாலும் 1,200-க்கு 1,000 மில்லிமீட்டர் அளவில் வரும், பலகை சுமார் நான்கு அங்குல அகலம் இருக்கும். அதனால் நான்கடி நீளம், இரண்டடி அகலம் என்று பெட்டியைத் திட்டமிட்டால் வீண் குறைவு. சுவர் ஓரம் வைத்தாலும் இரண்டடி வரை கை எட்டும். இரண்டு பேலட் போதும், பிரிக்கும்போது உடையும் பலகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உடைவது எதனால் என்றால் கடப்பாரை போட்டு நெம்புவதால்தான். பேலட் ஆணியின் உடம்பில் வரி வரியாக மரை இருக்கும், இழுத்தால் வராது, பலகைதான் பிளக்கும். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் ஒரு ஆப்பைத் தட்டி நூல் அளவு இடைவெளி உண்டாக்கி, அதில் ஹேக்ஸா பிளேடை நுழைத்து ஆணியை அறுத்துவிடுங்கள். ஆணித்தலை பலகையிலேயே இருக்கட்டும், அது யாரையும் குத்தாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணி கீறினால் டி.டி. ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூலையில் பலகையோடு பலகையை நேராக முட்டவைத்து வெட்டு முகத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் பிடிப்பே இருக்காது, ஈரம் ஏறியதும் கழன்றுவிடும். நான்கு மூலையிலும் உள்பக்கம் இரண்டுக்கு இரண்டு அங்குல ரீப்பர் கட்டை நிறுத்தி அதில் பலகையைப் பிடியுங்கள். அதையே கீழே நீட்டிவிட்டால் கால். பலகை ஓரத்தில் முதலில் ட்ரில்லில் சின்னத் துளை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ, இல்லாவிட்டால் பைன் பிளக்கும். ஹார்டுவேர் கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது ஜிப்சம் வேலைக்கான கறுப்பு ஸ்க்ரூ. ஈரத்தில் அது சீக்கிரம் துருப்பிடித்துத் தலை முறிந்துவிடும். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குங்கள், ஒன்றரை அங்குலம், விலை கூடத்தான். மரத்தில் மிச்சம் பிடித்த காசை இங்கே போடுங்கள்.

தளப்பலகையின் எடை ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது, கட்டை மேல் உட்கார வேண்டும். கால்களுக்குக் குறுக்கே ரீப்பர் கொடுத்து, அது காலில் வெட்டிய படியின் மேல் உட்காரும்படி செய்யுங்கள். நடுவிலும் ஒரு குறுக்குச் சட்டம், அதற்கும் கீழே ஒரு முட்டு. தளப்பலகைகளுக்கு இடையே கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், தண்ணீர் இறங்க அதுவே வழி. நீளப்பக்கத்தின் நடுவில் இரு பலகையையும் இழுத்துப் பிடிக்க ஒரு பட்டி வேண்டும், மண் ஈரமானதும் பக்கம் வயிறு தள்ளும்.

உள்ளே முழுக்கப் பாலிதீன் சுற்றுவது நல்லதென்று நினைக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கும் ஈரம்தான் மரத்தை முதலில் அழுக வைக்கும். பக்கங்களுக்கு மட்டும் ஷீட், அடியில் ஷேட் நெட் போதும். அடியில் ஜல்லி பரப்பத் தேவையில்லை. ஜல்லிக்கு மேல் உள்ள மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வேருக்கு இடம் குறையும், எடையும் ஏறும்.

எடை என்றதும், மாடியில் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நான்கடி, இரண்டடி, ஓரடி ஆழம் என்றால் எட்டுக் கன அடி, கிட்டத்தட்ட 226 லிட்டர். தோட்டத்து மண்ணைப் போட்டு நனைத்தால் சுமார் 400 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டுகிறது. ஆள் ஏறி நடமாடும் தட்டையான மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதியின் இரண்டாம் பகுதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். பெட்டி வைத்ததும் மாடி இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. சின்ன இடத்துச் சுமையை தளம் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் தளத்தின் நடுவில் ஆறு பெட்டியை வரிசையாக அடுக்கினால் அந்தப் பகிர்வு எங்கே போகும்?

தேங்காய் நார்க்கழிவும் மட்கிய எருவும் கலந்த கலவை போட்டால் எடை பாதியாகும். நார்க்கழிவைத் தண்ணீரில் அலசி உப்பை இறக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். அடுத்தது ஆழம். கீரைக்கு ஆறு அங்குலம் போதும், எட்டு இருந்தால் தாராளம். ஓரடி வேண்டியது தக்காளி, கத்தரி, மிளகாய்க்குத்தான். முட்டி வலி உள்ளவர்கள் குனியாமல் பறிக்க வேண்டும் என்று இரண்டரை அடி உயரத்துக்குப் பெட்டி கேட்பார்கள். அடிவரை மண்ணை நிரப்பாதீர்கள். காலை உயர்த்தி, தளத்தை மேலே ஏற்றி, எட்டு அங்குலம் மட்டும் மண் பிடிக்கும்படி செய்தால் உயரமும் கிடைக்கும், சுமையும் ஏறாது. வைக்கும் இடம் சுவருக்கு மேலேயோ பீமுக்கு மேலேயோ இருக்கட்டும். கால் நேராகத் தட்டோட்டில் நின்றால் ஓடு விரிசல் விடும், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு கொடுங்கள். பழைய வீடு, கம்பி தெரியும் கூரை என்றால் பெட்டியே வேண்டாம், முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தரையில் வைப்பவர்கள் கால்களைச் செங்கல் மேல் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை செங்கல்லில் மண்கோடு ஏறுகிறதா என்று குனிந்து பார்த்துத் துடைத்துவிட்டால் கரையான் பெட்டிக்குப் போகாது.

மலிவு ஒன்றுதான் நோக்கம் என்றால் செடி வளர்க்கும் பையான குரோபேக் இதைவிட மலிவு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மரப்பெட்டியால் வரும் லாபம் வேறு: கீரை பரவ இடம், சித்திரை வெயிலில் வேர் அவ்வளவாகச் சூடாகாது, குனிய வேண்டாம். நம் மழைக்கும் வெயிலுக்கும் பைன் சில வருடம்தான் தாங்கும். முதலில் போவது தளப்பலகை, ஸ்க்ரூவில் பூட்டியிருப்பதால் அதை மட்டும் மாற்றிவிடலாம். கழற்றிய பலகை பெயின்ட் படாத ஹெச்.டி. பைன் என்றால் வெந்நீர் அடுப்புக்கு எரிக்கலாம். பச்சை மருந்து ஏறிய மரத்தையோ தார் வாடைக் கட்டையையோ எரிக்கக் கூடாது, அந்தச் சாம்பலைச் செடிக்கு எருவாகப் போடவும் கூடாது.