வாப்பாவின் செட்டை நேரே பிளக்கில் போடாதீர்கள்

காத்தான்குடியில் இருந்து ஒரு காக்கா (அண்ணன்) என் ரிப்பேர் கடைக்கு ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். எண்பதுகளில் அவருடைய வாப்பா சவூதியில் வாங்கிவந்த ஜப்பான் ஸ்டீரியோ அம்ப்ளிபயர். வாப்பா மௌத்தான பிறகு அலுமாரிக்கு மேலே துணி சுற்றி 15 வருடம் கிடந்ததாம். "வைக்கக்குள்ள நல்லாத்தான் இருந்த சாமான் தம்பி. பிளக்கில போட்டன், கொஞ்ச நேரம் பாடிச்சு, மறுகா டப் எண்டு வெடிச்சு வீடெல்லாம் புகை" என்றார்.

மூடியைக் கழற்றினேன். பெரிய கொண்டென்சர் இரண்டில் ஒன்று வாய் பிளந்திருந்தது. உள்ளே இருந்த காகிதம் பஞ்சாய்ப் பறந்து போர்டு முழுக்க ஒட்டிக் கிடந்தது. கூடவே அந்தக் கெட்ட மீன் வாடை. பழைய கொண்டென்சரின் திரவம் சூடானால் அப்படித்தான் நாறும். வாவிக்கரையில் கடை வைத்திருப்பதால் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை.

"வைக்கக்குள்ள நல்லாத்தான் இருந்தது" என்பதை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அதில் பொய் இல்லை. பழுது வைத்த பிறகுதான் வருகிறது.

பள்ளிக்கூடப் புத்தகம் கொள்ளளவி என்று சொல்வதைத்தான் நாங்கள் கொண்டென்சர் என்கிறோம். அம்ப்ளிபயரில் உருளையாக நிற்பவற்றுக்குள் இரண்டு அலுமினியத் தாள்களும், நடுவே திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு தாளின் மேல் மிக மெல்லிய ஒக்சைட் படலம் உண்டு. கரண்டை மறித்து நிற்பது அந்தப் படலம்தான். செட் அடிக்கடி ஓடினால் படலம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அங்கங்கே பலவீனப்படும். அப்படிப்பட்டதன் மேல் முழு வோல்டேஜையும் ஒரேயடியாக ஏற்றினால் கரண்ட் கசிந்து, சூடேறி, உள்ளே வாயு திரண்டு வெடிக்கிறது.

அதனால் கிடப்பில் இருந்த செட்டை எழுப்ப நான் சீரிஸ் பல்ப் வைக்கிறேன். 60 அல்லது 100 வொட் குண்டு பல்ப் ஒன்றைக் கரண்ட் வயரில் தொடராகச் சேர்த்து, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுப் போடுவேன். கரண்ட் ஒரேயடியாகப் பாயாமல் பல்ப் மறித்துக்கொள்ளும். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிப்போனால் நிம்மதி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோர்ட். உடனே கழற்ற வேண்டியதுதான். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. மெயின் கரண்டோடு பழக்கமில்லாதவர்கள் இதை வீட்டில் செய்துபார்க்கவும் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம், செட்டின் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் திருகு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சவூதியில் அந்தக் காலத்தில் 127 வோல்டும் ஓடியது. நமக்கு 230. திருகு 220, 240 என்று காட்டினால் 240இல் வையுங்கள்.

வெடிக்காத செட்டிலும் கொண்டென்சர் கிழடு தட்டியிருக்கலாம். வொலியூமைப் பூச்சியத்தில் வைத்த பிறகும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகினால் பெரும்பாலும் பவர் சப்ளையின் பெரிய கொண்டென்சர்தான் காரணம். வொலியூமோடு முனகலும் கூடிக் குறைந்தால் முதலில் வயரையும் சொக்கெட்டையும் பாருங்கள். நம் உப்புக்காற்றில் சொக்கெட் பச்சைக் களிம்பு பிடிப்பது சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் பேஸ் மெலிந்தால் பாட்டு போகும் வழியில் உள்ள சின்னக் கொண்டென்சர்களைச் சந்தேகிக்கலாம். தலை வீங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. வீங்காமலே காய்ந்துபோனவைதான் நான் அதிகம் கண்டவை. சாதாரண மீட்டர் 'நல்லது' என்று காட்டும். உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது சில பிள்ளைகள் வீடியோ பார்த்துவிட்டு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொலியெஸ்டர், செராமிக் வகைகளுக்குள் காய்ந்துபோகத் திரவமே கிடையாது. அவற்றைத் தொட்டு, நாற்பது வருடப் போர்டின் செம்புக் கோட்டை உரித்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். '4700 இருந்த இடத்தில் 22000 மைக்ரோபரட் போட்டால் பேஸ் தூக்கும்' என்பதும் வீண் பேச்சு. மைக்ரோபரட் என்பது கொண்டென்சரின் கொள்ளளவைச் சொல்லும் அளவு. சுவிட்சைப் போடும் கணத்தில் அது இழுக்கும் கரண்டில் டயோட்டும் பியூசும்தான் அடிவாங்கும். வோல்ட் பழைய அளவோ கொஞ்சம் கூடவோ இருக்கட்டும், மைக்ரோபரட் பழைய அளவை ஒட்டியே இருக்கட்டும்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொண்டென்சருக்குள் கரண்ட் நிற்கும். ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்கவிடுவது வீரமல்ல. 100 ஓம், 5 வொட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட வயரில் வைத்துச் சில விநாடி பிடித்தால் வடிந்துவிடும். மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

தொழில் பழகிய காலத்தில் நானும் ஒன்றை வெடிக்க வைத்தேன். போர்டில் கொண்டென்சர் நிற்கும் இடத்தில் பாதி வட்டத்தைக் கறுப்பாக அச்சடித்திருந்தார்கள், அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொண்டு தலைகீழாகப் பொருத்திவிட்டேன். அந்தப் போர்டில் கறுப்பு பொசிட்டிவ். கொண்டென்சரின் உடம்பில் உள்ள கோடு நெகட்டிவைக் காட்டும், போர்டு அச்சு கம்பனிக்குக் கம்பனி மாறும். அன்றிலிருந்து கழற்றுமுன் போட்டோ எடுக்காமல் நான் எதையும் தொடுவதில்லை. வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். காக்காவின் செட்டுக்கு முதலில் வாங்கிய 6800 மைக்ரோபரட் கையில் பஞ்சு மாதிரி இருந்தது. அளந்தேன், 2100. பெரிய கூட்டுக்குள் சின்னதை வைத்துப் புதுத் தோல் போர்த்தியிருந்தார்கள். ஈயம் வைக்குமுன் அளந்துபார்த்தால் இந்த ஏமாற்று பிடிபடும்.

கொண்டென்சரைக் கிழடாக்குவது வருடத்தை விடச் சூடுதான். சுமார் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. 85 பாகையில் 2000 மணி நேரம் தாங்கும் ஒன்று, 65 பாகையில் 8000 மணி நேரம் தாங்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் பாடினால் ஐந்தரை வருடம். அதுவே 45 பாகையில் 32000 மணி நேரம், ஏறக்குறைய 22 வருடம். நம் வீடுகளில் செட்டைக் கண்ணாடி ஷோகேசுக்குள் வைத்து, காற்றுத் துவாரங்களின் மேல் பூப்பின்னல் துணியையும் விரித்துவிடுகிறோம். தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

காக்காவின் செட்டில் பெரியது இரண்டும், ஹீட் சிங்க் என்கிற சூடு தணிக்கும் உலோகத் தகட்டின் ஓரம் வெந்திருந்த சின்னது நான்கும் மாற்றினேன். ஸ்பீக்கர் கொடுக்குமுன், ஸ்பீக்கரைக் கருக்கிவிடும் டி.சி. (நேர்மின்) கசிகிறதா என்று அவுட்புட்டில் பார்த்தேன். இரண்டு பக்கமும் 20 மில்லிவோல்டுக்குள். நூறைத் தாண்டியிருந்தால் ஸ்பீக்கரைக் கொடுத்திருக்க மாட்டேன். எடுக்க வந்தவரின் கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. உம்மா பின்னியதாம், செட்டுக்கு மேலே போட. ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே விரியுங்கள் காக்கா என்று சொல்லி அனுப்பினேன்.