'இன்டீரியர் டிசைனர்' என்று யாரும் போர்டு போடலாமா?

சில வருடங்களுக்கு முன்னர் புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்கு ஒரு வீட்டின் உள்ளக வடிவமைப்பு வேலை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயோடு கைக்காசையும் போட்டுக் கட்டிய வீடு. கனடாவில் இருக்கும் மகன் படம் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் இருப்பதுபோல் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் இருக்கக்கூடாதாம். நானும் அழகாக வரைந்து கொடுத்துவிட்டேன்.

உடைக்க வந்த மேசன் அண்ணை கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, கூரை வளை முழுக்க இந்தச் சுவரிலதான் நிக்குது. இதை எடுத்தா ஓடு எல்லாம் அம்மாவின்ர தலையிலதான்."

அன்றைக்கு வேலையை நிறுத்தி, ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து, பீம் போட்ட பிறகுதான் சுவரில் கை வைத்தோம். எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த அண்ணையின் சட்டைப்பையில் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தது, பதிவு இலக்கத்தோடு. என் விசிட்டிங் கார்டில் இருந்தது கைத்தொலைபேசி இலக்கம் மட்டும்தான்.

இலங்கையில் கட்டடக்கலைஞர்களுக்கு 1976 இலேயே சட்டம் வந்துவிட்டது. பொறியியலாளர்களைப் பதிவு செய்ய 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மேசன், தச்சுவேலை செய்பவர் போன்றவர்களைப் பதிவு செய்ய 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணத்துறை அபிவிருத்திச் சட்டத்தில் இடம் உண்டு. உள்ளக வடிவமைப்பாளர் என்ற பெயரைக் காக்க அப்படித் தனிச் சட்டம் இல்லை. நாலு வருடம் படித்தவரும், நேற்று ஒரு மென்பொருளை இறக்கிப் பழகிய பொடியனும் ஒரே போர்டைத்தான் தொங்கவிடுகிறோம்.

"கர்ட்டன் நிறம் பார்க்கிறவருக்கு எதுக்கு லைசன்ஸ்?" என்று கேட்பார்கள். 1942 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கேளிக்கை விடுதியொன்றில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். தீயைப் பரப்பியதில் அலங்காரத் துணிகளுக்கும் செயற்கைப் பனைமரங்களுக்கும் பெரிய பங்கு. வெளியே போகச் சுழல் கதவு, சில கதவுகள் உள்ளே திறப்பவை. எல்லாம் எங்கள் மேசைக்கு வருகிற விடயங்கள்தான். இங்கே அவ்வளவு பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு வீட்டு சீலிங் போதும். குழாய் போடாமல் வயரை மேலே இழுத்து, பீவீசீ தகட்டால் மூடிவிடுகிறார்கள். மேலே எலி கடித்தால் யாருக்குத் தெரியும்? மின் ஒழுக்கு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் அடிக்கடி விழுகிறது என்று கழற்றி வைத்திருப்பார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் லைசன்ஸ் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1982 இல் இந்தத் தொழிலின் பெயருக்கு மட்டும் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. பின்னர் பதிவு இல்லாதவர் தொழிலே செய்யக்கூடாது என்று பூட்டிவைக்கும் சட்டம் கொண்டுவந்தபோது, அது மிகையான கட்டுப்பாடு என்று மாநில உயர் நீதிமன்றம் 2007 இல் தள்ளிவிட்டது. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. அலுமாரி அடிக்கிற தச்சரையும் திரைச்சீலை தைக்கிற அக்காவையும் கொழும்புக்குப் பரீட்சை எழுத அனுப்பும் சட்டம் வன்னிக்கு உதவாது. பெயருக்குப் பதிவு இருக்கட்டும். சுவர், மின்சாரம், தீ, வெளியேறும் வழி என்று உயிரோடு விளையாடும் இடங்களில் தகுதி கேட்கட்டும்.

சட்டம் வரும்வரை வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். எங்கே படித்தீர்கள் என்பதைவிட, முன்பு செய்த இரண்டு வீடுகளைப் போய்ப் பாருங்கள், அதுவும் ஒரு மாரி கழிந்த வீடாக. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஊதியிருக்கிறதா, கறையான் ஏறியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். சுவர் உடைப்பதென்றால் பொறியியலாளரின் கையெழுத்தும், பிரதேச சபையில் அனுமதி வேண்டுமா என்ற விசாரிப்பும் முதலில். வட்ஸ்அப் குரல் பதிவை நம்பி வெளிநாட்டிலிருந்து முழுக் காசையும் அனுப்பவே வேண்டாம். என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர், எந்த வேலை முடிந்தால் எவ்வளவு காசு என்று எழுதி இரண்டு பக்கமும் ஒப்பமிடுங்கள். பிணக்கு வந்து மத்தியஸ்த சபைக்குப் போனாலும் காட்ட ஒரு தாள் வேண்டுமே.

நானும் இப்போது அப்படி ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் முதல் வரி: சுவர்களில் கை வைப்பதற்கு முன் கூரைப் பாரம் பார்க்கப்படும்.