உருபு ஒட்டினால் நட்சத்திரம் ஏன் மூடுவதில்லை?

மார்க்டவுனில் **சென்னை**யில் என்று அடித்தால் தடித்த எழுத்து வருகிறது. **“சென்னை”**யில் என்று அடித்தால் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கின்றன, ஏன் என்று கேட்கிறார் வாசகர் ஒருவர். அருமையான கேள்வி.

சாதாரண உரையில் சில குறிகளை இட்டால் இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்டிஎம்எல் ஆக மாற்றித் தரும் மார்க்டவுனை ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டார். ஆரன் ஸ்வார்ட்ஸ் துணை நின்றார். விதிகளில் தெளிவில்லாத இடங்களை ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால், 2014இல் காமன்மார்க் வரையறை வந்தது.

மாற்றம் இரண்டு சுற்றில் நடக்கிறது. முதலில் தலைப்பு, பத்தி, பட்டியல் பிரிப்பு. # குறிக்குப் பின் இடைவெளி விடாவிட்டால் தலைப்பு வராது. புதுப் பத்திக்கு முன் 4 இடைவெளி விழுந்தால் அது நிரல்துண்டாகிவிடும்.

இரண்டாம் சுற்றுதான் அழகு. நட்சத்திரத்தைக் கண்டதும் நிரல் முடிவெடுப்பதில்லை. ‘இது திறக்கலாமா, மூடலாமா’ என்று மட்டும் குறித்து ஓர் அடுக்கில் வைக்கிறது. பிறகு மூடத் தகுந்த ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கிப் போய், அருகிலுள்ள திறப்போடு இணை சேர்க்கிறது. இணை கிடைக்காதது வெறும் நட்சத்திரமாகவே நின்றுவிடும், பிழைச்செய்தி கிடையாது. தகுதியைத் தீர்மானிப்பவை இருபுறமும் உள்ள எழுத்துகள் மட்டுமே. 5 * 3 என்பதில் இருபுறமும் இடைவெளி, ஆகவே திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

மூடும் குறிக்கு முன்னால் நிறுத்தற்குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தற்குறியோ இருந்தாக வேண்டும். வாசகரின் எடுத்துக்காட்டில் முன்னால் ”, பின்னால் ‘யி’. தகுதி போயிற்று! முதல் உதாரணத்தில் முன்னால் இருப்பது ‘னை’, அதனால் சிக்கலில்லை. வேற்றுமைப் பொருளுக்குத் தனிச்சொல் வைக்கும் ஆங்கிலத்தில் இந்த விதி அரிதாகவே உறுத்தும்; உருபை ஒட்டியே எழுதும் நமக்கு அடிக்கடி உறுத்தும். சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளில் எழுதுபவர்களும் இதே முறையீட்டை வைத்திருக்கிறார்கள். தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, இத்தகைய வரையறைகளுக்குத் தமிழ்ச் சோதனை வாக்கியங்கள் எழுதவும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை, மேற்கோளை வெளியே வையுங்கள்: “**சென்னை**”யில். அடைப்புக்குறியில் முடிந்தால் உருபையும் உள்ளே சேர்த்துவிடுங்கள்: **சென்னை (மெட்ராஸ்)இல்**. உருபுக்கு முன் இடைவெளி விட வேண்டாம். வரி மடங்கும்போது உருபு அடுத்த வரிக்குத் தனியே போய்விடும். அடிக்கோட்டுக்கும் மாற வேண்டாம்: சொல்லின் நடுவே அது மூடவே மூடாது, __சென்னை__யில் என்பதுகூட அப்படியேதான் நிற்கும். எதுவும் சரிவராத இடத்தில் தடித்த எழுத்துக்கான எச்டிஎம்எல்லின் ஸ்ட்ராங் குறியையே நேரடியாக எழுதலாம். மார்க்டவுன் அதைத் தொடாமல் கடத்திவிடும்.