சீலிங்குக்கு மேலே வெப்பத்தை மறியுங்கள், காற்றை மறிக்காதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இப்போது எழும்புகிற வீடுகளில் ஓடு குறைந்து சிங்க்-அலுமினியம் பூசிய தகடு கூடிக்கொண்டே வருகிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயிலுக்கு அந்தத் தகடு 60 பாகை செல்சியஸைக்கூடத் தாண்டும், சீலிங் அடித்த அறைக்குள்ளும் இருக்க முடியாது. அதனால் மேலே கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) விரிக்கிறார்கள், ஃபோயில் என்கிற பளபளப்பான அலுமினியத் தாள் அடிக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் மேலே பலகையும் போட்டு காணி உறுதி, பாய், பெட்டி எல்லாவற்றையும் ஏற்றி வைக்கப் பார்க்கிறார்கள். நியாயமான வேலைதான். ஆனால் அடுத்த மாரியிலேயே சீலிங்கில் கறை, பூஞ்சணம், உக்கின கட்டை என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே விசயத்தைத்தான் காண்கிறேன்: வெப்பத்தை மறிக்கப் போய் காற்றோட்டத்தையும் சேர்த்து மறித்திருக்கிறார்கள்.

கறையைக் கண்டதும் ‘கூரை ஒழுகுது’ என்று சொல்லி, தகட்டில் ஏறி ஆணிக்கு ஆணி சிலிக்கன் பூசுவதுதான் வழக்கம். முதலில் பொறுங்கள். ஒழுக்கு என்றால் மழை பெய்த கையோடு தெரியும், ஓர் ஆணிக்கோ தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்துக்கோ நேர் கீழே, விளிம்பு கட்டிய கறையாக இருக்கும். தை மாசத்தில் மழை விட்டு வானம் வெளித்திருக்கிற இரவுகளில் வருவது வேறு தண்ணீர். தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்துவிடும், ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி என்றிருக்கிற கல்லடி போன்ற இடத்துக் காற்றில் ஈரம் நிறைய, அது குளிர்ந்த தகட்டின் அடியில் பட்டு, ஃபிரிஜ்ஜில் இருந்து எடுத்த போத்தல் வேர்ப்பதுபோல முத்து முத்தாகக் கோர்த்து நிற்கும். விடியற்காலை வெயில் ஏறுமுன் டோர்ச் அடித்துப் பார்த்தால் தகடு முழுக்க ஒரே சீராகத் தெரியும், பத்து மணிக்குப் போனால் ஒன்றும் இராது. இதற்குச் சிலிக்கன் பூசிப் பலனில்லை.

காற்றோட்டம் இருந்தால் அந்த ஈரம் காலையிலேயே காய்ந்துவிடும். பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டு இடுக்கு வழியாகவே காற்று போய் வந்தது, யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தகட்டுக் கூரைக்கு நாம்தான் வழி விட வேண்டும்: கீழே தாழ்வார ஓரத்தில் காற்று நுழைய, மேலே முகட்டிலோ முக்கோணச் சுவரிலோ வெளியேற. சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு என்பது அமெரிக்கக் கட்டட விதியில் உள்ள கணக்கு. 1,200 சதுர அடிக்கு 8 சதுர அடி, அதுவும் வலையின் கம்பி மறைக்கிற பரப்பைக் கழித்த பிறகு. வௌவால், மரநாய், அணில் வரும் என்று அந்தத் திறப்பை சீமெந்து வைத்து அடைக்கிறார்கள். அடைக்காதீர்கள், துருப்பிடிக்காத வலை அடியுங்கள். கண்ணாடிக் கம்பளியைத் தாழ்வார மூலைவரை திணிப்பதும் அடைப்பதற்குச் சமம். கம்பளிக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது காற்று போக விடுங்கள். ஃபோயிலும் அப்படித்தான், பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குல வெளி இல்லாவிட்டால் அது வெப்பத்தைத் திருப்பாது. பளபளப்பைக் கீழே பார்க்க அடித்தால் தூசியும் படியாது.

ஏசி போட்ட அறைதான் அதிகம் கெடுகிறது, இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். லண்டனிலும் கனடாவிலும் உள்ள சொந்தக்காரர் அனுப்புகிற வீடியோக்களில் கம்பளிக்குக் கீழே, அறைப் பக்கம் பொலித்தீன் விரிப்பார்கள். அங்கே குளிர்காலத்தில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த கூரைக்குப் போகிறது, அதனால் அது சரி. இங்கே ஈரம் மேலிருந்து குளிர்ந்த அறைக்கு வருகிறது. 28 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொடங்குகிற வெப்பநிலை, ஏறத்தாழ 24 பாகை. நீங்கள் ஏசியை 20இல் விட்டால், அந்தக் காற்று கம்பளிக்குள் இறங்கி, குளிர்ந்த பொலித்தீனில் பட்டு அங்கேயே தண்ணீராகத் தேங்கும், கம்பளி ஊறிப்போய் ஜிப்சம் பலகை தொய்யும். ஏசி அறைக்கு ஈரத்தடை, அதாவது ஈரம் புகாத விரிப்பு, கம்பளிக்கு மேலே, கூரைப் பக்கம் இருக்க வேண்டும், பொருத்துகளை அலுமினிய டேப்பால் ஒட்ட வேண்டும். ஏசி இல்லாத அறைக்குப் பொலித்தீனே வேண்டாம். மேலே ஓடுகிற ஏசிச் செப்புக் குழாயின் கறுப்பு உறை கிழிந்திருந்தாலும் அதே கறைதான் வரும். பாத்ரூம் எக்ஸோஸ்ட் ஃபேன் வெளிச்சுவருக்குப் போகாமல் சீலிங்குக்கு மேலே ஊதிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

இனிப் பலகை. சீலிங் தாங்க அடித்த 2க்கு 2 அங்குலச் சட்டம் சீலிங்கைத்தான் தாங்கும், அதன்மேல் நெல்மூட்டை வைக்கக் கூடாது. சுவரில் இருந்து சுவருக்குத் தனி வளை (உத்தரம்) போட்டு, ஓடாவியாரிடம் (தச்சரிடம்) அளவு கேட்டு, அதன்மேல் வேறு சட்டத்தைக் கம்பளி நசுங்காத உயரத்துக்குத் தூக்கி, அதற்குமேல் பலகை அடியுங்கள். நசுங்கின கம்பளி வெப்பத்தைச் சரியாக மறிக்காது. சிப்போர்ட், எம்டிஎஃப் போன்ற அமுக்கின மரத்தூள் பலகைகள் வேண்டாம், ஈரம் இழுத்து ஊதும். மரப்பலகையை விரல் இடைவெளி விட்டு அடித்தால் அடியில் காற்று ஓடும். கூரை முழுக்கப் பரப்பாமல் நடுவில், ஆள் நிமிரக்கூடிய இடத்தில் மட்டும் போடுங்கள். டவுன்லைட்டுக்கும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர் பெட்டிக்கும் மேலே கம்பளியை மூட வேண்டாம், சூடு ஏறி வயர் உருகும்.

அஸ்பெஸ்டஸ் கூரை உள்ள வீடென்றால் தகட்டைத் துளைக்கவோ அறுக்கவோ போகாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. கட்டைகளில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வேலையை ஆடி, ஆவணியில் வையுங்கள், கச்சானில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஐப்பசியில் அவசரமாகத் தொடங்கி ஈரக் கட்டையின்மேல் கம்பளி விரித்தால் அந்த ஈரம் மாரி முடியும்வரை போகாது. ஈரமானி வைத்திருக்கிற ஆள் கிடைத்தால் கட்டையை அளக்கச் சொல்லுங்கள், 20 வீதத்துக்குமேல் காட்டினால் மூட விடாதீர்கள்.