சட்டமன்றம் யார் ‘கட்டுப்பாட்டில்’?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒற்றைப்படை ஆண்டுகளின் நவம்பர் மாதம் சட்டமன்றத் தேர்தல் வரும். முடிவு தெரிந்த மறுநாளே நம் செய்தித் தளங்களில் இந்த மாதிரி ஒரு வரியும் வந்துவிடும்: ‘வாக்காளர் வருகை அதிகரித்த நிலையில், கீழவையின் கட்டுப்பாட்டை ஜனநாயகக் கட்சி கைப்பற்றியது.’ ஒரே வரியில் இரண்டு தவறு. ‘வருகை’யைப் பிறகு பார்க்கலாம். ஆங்கில ‘கன்ட்ரோல்’ என்பதற்கு ஈடாக வைத்த ‘கட்டுப்பாடு’தான் பெரிய தொல்லை.

கட்டு, அதோடு படு சேர்ந்து கட்டுப்படு. படு நீண்டு பாடு ஆனதும் பெயர்ச்சொல்: கட்டுப்பாடு. ஒன்றுக்குக் கட்டுப்பட்டு நடப்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். ஆங்கிலக் ‘கன்ட்ரோல்’ கணக்கு வழக்கிலிருந்து வந்தது. கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த மறுபடிச் சுருளின் லத்தீன் பெயர், சரிபார்த்தல் என்றாகி, அடக்கி நடத்துதல் என்றாகி, கடைசியில் ஆதிக்கம் என்ற பொருளுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு சொற்களும் வழியில் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. விலைக் கட்டுப்பாடு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று நாம் சொல்வது அந்த இடத்தில்தான். விட்டால் எல்லை மீறிப் போகக்கூடியதை அடக்கி வைக்கிறோம், சரி. ஒரு சட்டமன்றத்தில் எதை அடக்கி வைக்கிறார்கள்?

இதைவிட மோசம், அதே செய்திகளில் வரும் ‘கட்சிக் கட்டுப்பாடு’. தமிழ் அரசியலில் இந்தத் தொடருக்கு ஏற்கெனவே உறுதியான பொருள் இருக்கிறது. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா சொன்னபோது, ஆட்சியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எந்தத் தொண்டரும் புரிந்துகொள்ளவில்லை. கட்சி சொன்னபடி நட என்றுதான் எடுத்துக்கொண்டார். கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாக நீக்கம் என்று நாளிதழ்களில் எத்தனை அறிவிப்புகள் பார்த்திருக்கிறோம்! அப்படியிருக்க, ‘மாநில சட்டமன்றங்களில் கட்சிக் கட்டுப்பாடு’ என்று தலைப்பிட்டால், கொறடா உத்தரவைப் பற்றிய கட்டுரை என்றுதான் படிப்பவர் நினைப்பார். மொழிபெயர்த்தவர் சொல்ல வந்ததோ, எந்தச் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்பது.

‘கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது’ என்பதில் போர்க்கள வாடையும் அடிக்கிறது. இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற தொடரோடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஈழத் தமிழர் காதில் இது எப்படி விழும்? மக்கள் வாக்களித்து உருவான அவையைப் படை பிடித்த ஊர் போல எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம், நம் ஊர்ப் பழக்கத்தில் ‘ஆட்சியைப் பிடித்தது’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் சரிதான், செய்தி தவறு. இங்கே சட்டமன்றத்தில் பெரும்பான்மை கிடைத்தால் ஆட்சி கிடைக்கிறது. அங்கே ஆளுநரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்தான் ஆட்சித் தலைவர். கீழவையில் வென்ற கட்சிக்கு அவைத்தலைவர் பதவியும், குழுக்களின் தலைமையும், எந்த மசோதாவை எடுப்பது எதைக் கிடப்பில் போடுவது என்ற அதிகாரமும் கிடைக்கும். ஆளுநர் மாளிகையில் எதிர்க்கட்சிக்காரர் இருக்கலாம்.

பெரும்பான்மை என்று எழுதினால் முக்கால்வாசி இடங்களில் வேலை முடிந்தது. ‘கீழவையில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை.’ இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

மீதிக் கால்வாசிக்கு வர்ஜீனியாவே எடுத்துக்காட்டு. 2017 தேர்தலில் 94-வது தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் தலா 11,608 வாக்குகள். 2018 ஜனவரி 4 அன்று இருவர் பெயரையும் எழுதி, பழைய பிலிம் டப்பிகளில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர் பெயர் வந்தது. 100 பேர் கொண்ட அவையில் 51–49 என்று அந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை. (இதைக் ‘குடவோலை முறை’ என்று எழுதியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வதும் குலுக்கல்தான். ஆனால் குடவோலையை வாக்குச்சீட்டு என்று பாடம் சொல்லியே பழகிவிட்டோம்.) மற்றவர் பெயர் வந்திருந்தால் 50–50, பெரும்பான்மை யாருக்கும் இல்லை. மேலவையில் இது நடந்தே இருக்கிறது. 2011 தேர்தலில் 20–20 என்று நின்றது. சமநிலையை உடைக்கும் வாக்கு குடியரசுக் கட்சித் துணை ஆளுநரிடம் இருந்ததால் அவை அந்தக் கட்சிப் பக்கம் போனது.

‘பார்த்தீர்களா, இதற்குத்தான் கட்டுப்பாடு என்ற சொல் வேண்டும்’ என்பார்கள். வேண்டியதில்லை. நம்மிடம் ‘கை’ இருக்கிறது, ‘வசம்’ இருக்கிறது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 21 மாநகராட்சிகளும் தி.மு.க. கூட்டணி வசமாயின என்றால் டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் புரியும். 2006-ல் தி.மு.க.வுக்கு 234-ல் 96 இடங்கள்தான். பெரும்பான்மை இல்லை, ஆட்சி அதன் கையில் இருந்தது. இந்த வேறுபாட்டை எந்தப் புதுச்சொல்லும் இல்லாமல் ஐந்து ஆண்டுகள் பேசிய மக்கள் நாம். வசம் வடசொல் என்று சிலர் ஒதுக்குவார்கள். அவர்களுக்குக் கை போதும். எனக்கு இரண்டும் வேண்டும், தெளிவுதான் முதலில்.

சரி, வருகை. வாக்குச்சாவடிக்குக் கூட்டம் வருகிறது என்ற காட்சி ‘டர்ன்அவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது, அதை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே அஞ்சலில் வாக்களிப்பவர்கள் ஏராளம். இங்கேயும் 2021-ல் 80 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளித்தார்கள். இவர்கள் எங்கே வந்தார்கள்? இன்னொரு பக்கம் நம் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49ஓ விதி. ஒருவர் சாவடிக்கு வருகிறார், 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார், வாக்களிக்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். வருகை உண்டு, வாக்கு இல்லை. நாம் எண்ண நினைப்பது பதிவான வாக்கை. அதற்கு ‘வாக்குப்பதிவு’ என்ற நல்ல சொல் நாள்தோறும் புழங்குகிறது. எண்ணோடு வரும்போது வாக்குப்பதிவு விழுக்காடு.

வெறுமனே ‘வாக்கு சதவீதம்’ என்று எழுதுவதையும் விடவேண்டும். அது கட்சி வாங்கிய பங்கா, மொத்தப் பதிவா என்பது தெரியாது. 1967-ல் இங்கே வாக்குப்பதிவு 76 விழுக்காட்டுக்கு மேல். காங்கிரஸ் பெற்ற பங்கு சுமார் 41; தி.மு.க.வுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. காங்கிரஸ் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதிகளிலும் நின்றது, தி.மு.க. கூட்டணிக்கு விட்டுக்கொடுத்துக் குறைவான இடங்களில் நின்று ஆட்சிக்கு வந்தது. இந்த மூன்று எண்களையும் ‘வாக்கு சதவீதம்’ என்ற ஒரே பெயரில் எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? அமெரிக்கச் செய்தியில் இன்னொரு சிக்கல். சில கணக்குகள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களை வைத்து, சில வாக்களிக்கத் தகுதி உள்ள எல்லாரையும் வைத்து. எதில் இத்தனை விழுக்காடு என்று கேட்காமலேயே மொழிபெயர்ப்பவர்கள் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

2019 வர்ஜீனியாச் செய்தியை நான் எழுதினால் இப்படி இருக்கும்: ‘பட்டியலில் உள்ளவர்களில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் வாக்களித்தனர், 2015-ல் இது 29 விழுக்காடுதான். ஜனநாயகக் கட்சிக்குக் கீழவையில் 100-ல் 55, மேலவையில் 40-ல் 21 என இரு அவைகளிலும் பெரும்பான்மை. ஆளுநரும் அக்கட்சிக்காரரே என்பதால், மாநில ஆட்சி முழுவதும் இப்போது அதன் கையில்.’