கோப்பு மெதுவாகப் போனால் பழி குறியாக்கத்தின் மீது விழ வேண்டாம்

சிறு அலுவலகங்களுக்கும் மருத்துவ மையங்களுக்கும் சர்வர் பராமரித்துக் கொடுக்கும் என் தொழிலில் ஒரே கோரிக்கையை அடிக்கடி கேட்கிறேன்: “எஸ்எஃப்டிபி ரொம்ப மெதுவா இருக்கு சார், பழையபடி எஃப்டிபியே போட்டுக் கொடுத்துடுங்க.” எஃப்டிபி என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் பழைய முறை; அதே வேலையைக் குறியாக்கத்தோடு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, செய்வது எஸ்எஃப்டிபி. கேட்பவர் சொல்வதில் பாதி உண்மைதான், கோப்பு மெதுவாகத்தான் போகிறது. ஆனால் குறியாக்கம் செய்வதால்தான் மெதுவாகிறது என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவை நம்பிப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பவர்களுக்குக் கடைசியில் வேகமும் கிடைப்பதில்லை என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எஃப்டிபியின் முதல் வரைவை 1971இல் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் எழுதினார். ஐஐடி கான்பூரில் படித்து அங்கே சென்றவர் அவர். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வுக்கூடங்கள் மட்டும் இணைந்திருந்த அந்த ஆர்பாநெட் (இணையத்தின் முன்னோடி) காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் வழியே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கோப்பும் எந்த மறைப்பும் இல்லாமல் செல்கின்றன. அலுவலக நெட்வொர்க்கில், ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் கருவியைத் திறந்து, எஃப்டிபி பயன்படுத்தும் 21ஆம் போர்ட்டைக் கவனித்தால், ‘யூசர்’ என்ற கட்டளையை அடுத்துப் பெயரும் ‘பாஸ்’ என்ற கட்டளையை அடுத்துக் கடவுச்சொல்லும் எழுத்துக்கு எழுத்து திரையில் வரும். வாடிக்கையாளரின் முன்னால் உட்கார்ந்து அவருடைய சொந்தக் கடவுச்சொல்லையே இப்படிக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2021இல் எஃப்டிபி ஆதரவை முற்றிலுமாக நீக்கிவிட்டன.

தொலைவில் இருக்கும் கணினியோடு குறியாக்கம் செய்து இணைய உதவும் எஸ்எஸ்எச் பிறந்ததே இந்தக் குறையால்தான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரித்தது தெரியவந்ததும், அங்கே பணியாற்றிய தாத்து யுலோனென் அதை எழுதினார். அதன் திறந்த மூல வடிவமாக 1999இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் கிடைக்கிறது. கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி, எஸ்சிபி, ஆர்சிங் ஆகிய மூன்றும் இதே பாதையில் பயணிக்க முடிகிறவை. எஃப்டிபியின் மேல் டிஎல்எஸ் என்ற குறியாக்க உறை போட்ட எஃப்டிபிஎஸ் என்பது வேறு. எதிர்த்தரப்பு அதையே கேட்டால் தவிர, தரவுக்கெனத் தனியாகப் பல போர்ட்டுகளைத் திறந்துவிடச் சொல்லும் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இனி வேகத்துக்கு வருவோம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழுமையாக வேலை செய்தாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் போகும். ஏஇஎஸ் குறியாக்கத்துக்கென்றே தனிக் கட்டளைகள் கொண்ட இன்டெல் சிப்கள் 2010 முதல் சந்தையில் இருக்கின்றன. இன்றைய சாதாரண அலுவலகக் கணினியின் ஒற்றை கோர்கூட அந்த 12.5 மெகாபைட்டைவிடப் பல மடங்கு தரவைக் குறியாக்கம் செய்துவிடும். பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி), மலிவான ரவுட்டர் போன்றவற்றில் மட்டும் சிப் திணறலாம். அங்கே சாச்சா20 என்ற குறியாக்க முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையான தாமதம் தூரத்தில் இருக்கிறது. நான் பராமரிக்கும் ஸ்கேன் மையம் ஒன்று, சிடி படங்களை வேறு ஊரில் இருக்கும் கதிரியக்க மருத்துவருக்கு அனுப்ப, வாடகை குறைவு என்பதற்காக அமெரிக்காவில் ஒரு சர்வரை எடுத்திருந்தது. அங்கே ஒரு பேக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) போய் பதில் திரும்ப ஏறக்குறைய 220 மில்லிநொடி ஆனது. சிடி படத்தின் ஒவ்வொரு குறுக்குவெட்டும் 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட், ஆக அரை மெகாபைட் அளவுள்ள தனிக் கோப்பு. 800 வெட்டுகள் கொண்ட ஒரு பரிசோதனை 400 மெகாபைட் வரும். இணைப்பின் முழு வேகம் கிடைத்தால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும் வேலை இது.

இதை எஃப்டிபியில் அனுப்பினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு தரவு இணைப்பு திறக்கப்படுகிறது. போர்ட் கேட்பது, இணைப்பது, கட்டளை கொடுப்பது, முடிந்ததா என்று உறுதி பெறுவது என நான்கு சுற்றுப் பயணங்கள் அதிலேயே கழிகின்றன. மேலும் ஒவ்வொரு புதிய டிசிபி இணைப்பும் சுமார் 14 கிலோபைட்டில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகித்தான் வேகம் பிடிக்கும். அரை மெகாபைட்டைக் கடப்பதற்கு அதற்கு ஆறு சுற்றுகள் வேண்டும். பத்துச் சுற்றுகள், தலா 220 மில்லிநொடி: ஒரு கோப்புக்கு இரண்டு நொடிக்கு மேல். 800 கோப்புகளுக்கு அரை மணி நேரம். எஸ்எஃப்டிபி ஒரே இணைப்பிலேயே எல்லாக் கோப்புகளையும் அனுப்புவதால், வேகம் பிடிக்கும் அந்த ஆறு சுற்றுகள் கோப்புக்குக் கோப்பு திரும்ப வருவதில்லை. ஆனாலும் கோப்பைத் திறக்கவும் மூடவும் சுற்றுகள் செலவாவதால் அதுவும் நிறைவான வேகத்தைத் தராது. பூட்டில்லாத பழைய முறைதான் இங்கே இன்னும் மெதுவானது.

தீர்வு இரண்டு. முதலாவது, சர்வரை அருகில் வைப்பது. மும்பையில் எடுத்தால் அந்த 220 மில்லிநொடி சில பத்து மில்லிநொடிகளாகக் குறைந்துவிடும். இரண்டாவது, கோப்புகளைத் தனித்தனியாக அனுப்பாமல், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கருவியைக் கொண்டு ஒரே நீரோட்டமாக்கி எஸ்எஸ்எச் வழியே அனுப்புவது, அல்லது அடுத்தடுத்த கோப்புகளுக்குக் காத்திராமல் தொடர்ந்து அனுப்பும் ஆர்சிங்கைப் பயன்படுத்துவது. நோயாளியின் பெயரும் வயதும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். எஃப்டிபியில் போன அந்த அரை மணி நேரமும் அவை வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்தன.

ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பதில் வருவதற்கு முன் அது அனுப்பி வைக்கும் அளவு ஏறக்குறைய 2 மெகாபைட். 220 மில்லிநொடித் தொலைவில் இது நொடிக்கு ஒன்பது மெகாபைட் அளவில் முட்டி நின்றுவிடும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது பெரிதாக உறுத்தாது. ஜிகாபிட் இணைப்பு வைத்துக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் பெரிய கோப்புகளை அனுப்புபவர்கள், வேலையைப் பிரித்து நான்கைந்து ஆர்சிங்குகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம்; பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையம் இதற்காகவே மாற்றியமைத்த எச்பிஎன்-எஸ்எஸ்எச்சையும் பார்க்கலாம்.

பெரும்பாலான அலுவலகங்களுக்கு என் பரிந்துரை எஸ்எஸ்எச் வழியே ஓடும் ஆர்சிங்தான். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் வெளியிட்ட இந்தக் கருவி, இரு முனைகளிலும் உள்ள கோப்பைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. பல ஜிபி டேட்டாபேஸ் காப்பில் தினமும் கொஞ்சம்தான் மாறுகிறது என்றால், அந்தக் கொஞ்சம்தான் பயணிக்கும். இரவு நடுவில் மின்சாரமோ இணைப்போ போனாலும், அரைகுறைக் கோப்பை வைத்திருக்கச் சொல்லும் ‘பார்ஷியல்’ விருப்பம் கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சுருக்கி அனுப்பும் விருப்பம் எழுத்துக் கோப்புகளுக்கும் டேட்டாபேஸ் காப்புக்கும் நன்றாக உதவும். ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக், வீடியோ, ஜிப் கோப்புகளுக்கு வீண் வேலை. எச்சரிக்கையும் வேண்டும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போகும். இதைக் கவனிக்காமல் ‘டிலீட்’ விருப்பத்தையும் சேர்த்தால் மறுமுனையில் இருந்தவை அழிந்துவிடும். எதையும் செய்யாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும் ஒத்திகை ஓட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். ஆர்சிங்கைத் தனிச் சேவையாக 873ஆம் போர்ட்டில் ஓட்டினால் அதில் குறியாக்கம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாதுகாப்பில் நான் காணும் மிகப் பெரிய அலட்சியம் முதல் இணைப்பில் நிகழ்கிறது. புதிய சர்வரோடு இணையும்போது, அதன் சாவியின் சுருக்க அடையாளமான விரல்ரேகையைக் காட்டி இது சரியானதுதானா என்று எஸ்எஸ்எச் கேட்கும். படிக்காமலே எல்லோரும் ‘யெஸ்’ என்று அடித்துவிடுகிறார்கள். நடுவில் வேறொருவர் போலிச் சர்வரை நிறுத்தியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்த ஒரு கேள்விதான். சர்வரை நிறுவியவரிடம் தொலைபேசியில் அந்த விரல்ரேகையைக் கேட்டு ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகும். பின்னொரு நாள் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், இணையத்தில் கிடைக்கும் கட்டளையை ஒட்டிப் பழைய பதிவை நீக்கிவிட்டு மேலே போகாமல், சர்வரை உண்மையிலேயே யாராவது மாற்றினார்களா என்று விசாரிக்க வேண்டும்.

கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் இடி25519 வகைச் சாவிக் கோப்புகளை மட்டும் அனுமதியுங்கள். ஆளுக்கொரு சாவி இருந்தால்தான் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடையதை மட்டும் நீக்க முடியும். கோப்பு அனுப்ப மட்டுமே வரும் வெளியாட்களுக்கு, ஷெல் (கட்டளை அடிக்கும் வசதி) இல்லாமல் ஒரே கோப்புறைக்குள் அடைத்து வைக்கும் எஸ்எஃப்டிபி கணக்கு போதும். போர்ட் எண்ணை 22இலிருந்து மாற்றுவதால் பதிவேட்டில் தானியங்கி ஊடுருவல் முயற்சிகளின் இரைச்சல் குறையும், அவ்வளவே. சர்வரே இல்லாத இருவர் ஒரு கோப்பை ஒருமுறை பரிமாறிக்கொள்ள மேஜிக் வோர்ம்ஹோல் அல்லது கிராக் (croc) என்ற கருவி போதும். தொலைபேசியில் சொல்லக்கூடிய சிறு குறிச்சொல்லைக் கொண்டே அவை முனைக்கு முனை குறியாக்கம் செய்துவிடுகின்றன.

பாதை பத்திரமாக இருந்தும் கோப்பு தங்குமிடத்தில் திருட்டுப் போகலாம். 2023 மே மாதம் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கட்டளை மொழி) குறையைப் பயன்படுத்தி, கிளாப் என்ற இணையக் குற்றக் கும்பல் உலகெங்கும் பல நிறுவனங்களின் தரவை எடுத்துச் சென்றது. குறியாக்கத்தை அவர்கள் உடைக்கவே இல்லை. சர்வரில் கிடந்த கோப்புகளை அள்ளினார்கள். ஆகவே இடையில் நிற்கும் சர்வரில் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்பதோடு, பெறுபவர் எடுத்துக்கொண்ட கோப்புகளைத் தானாகவே அழிக்கும் ஏற்பாட்டையும் செய்து வைக்கிறேன்.

அழிப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும். கோப்பு போய்ச் சேர்ந்ததும் ஆர்சிங் அதன் செக்சம்மை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிட்டுக்கொள்கிறது என்றாலும், முக்கியமான தரவுக்கு, செக்சம் விருப்பத்தோடு ஒத்திகை ஓட்டம் ஒன்றைத் தனியாக நடத்துகிறேன். எஸ்எஃப்டிபியில் போனவற்றுக்கு இரு முனைகளிலும் எஸ்எச்ஏ256 வகைச் செக்சம் பட்டியல் எடுத்து ஒப்பிடுகிறேன். ஒத்திகையில் அனுப்ப வேண்டியது எதுவும் இல்லை என்று வந்த பிறகுதான் ஸ்கேன் மையத்தில் பழைய படங்களை அழிக்க ஒப்புதல் கொடுக்கிறேன்.