நீர் மாத்திரையும் நைட் ஷிஃப்டும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாமில் பக்கவாத நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன் நான். இங்கே கறுப்பினத்துப் பெரியவர்களும் நம்மூர்ப் பாட்டிகள் மாதிரிதான் பேசுவார்கள். நீரிழிவு 'சுகர்', ரத்த அழுத்தம் 'பிரஷர்', பிரஷருக்குப் பூண்டும் வினிகரும். முதல் வாரமே எனக்கு ஊர் பழகிவிட்டது.

போன வருடம் வந்தவர் வார்ப்பிரும்புக் குழாய் ஃபவுண்டரித் தொழிலாளி. கறுப்பினத்தவர், வயது 47. இரவு ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனபோது வலது கை துவண்டு டப்பா கீழே விழுந்திருக்கிறது. பேச்சும் குழறியிருக்கிறது. ஆனாலும் ஷிஃப்டை முடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்து, எங்களிடம் வரும்போது காலை பத்தரை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஏன் உடனே வரவில்லை? பாதி வேலையில் கிளம்பினால் ஒரு 'பாயிண்ட்' விழுமாம். கணக்குக்கு மேல் சேர்ந்தால் வேலை போய்விடும். அவருக்கு ஒரே ஒரு பாயிண்ட்தான் பாக்கி.

பழைய குறிப்புகளைப் புரட்டினேன். 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று மூன்று இடத்தில் இருந்தது. பிரஷருக்குக் கொடுத்திருந்ததோ, சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் நீர் மாத்திரை. உலை முன்னால் நிற்கிறவர் மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு ஓட முடியுமா? லீவு நாளில் மட்டும் போட்டிருக்கிறார். அந்த மூன்று குறிப்பில் ஒன்று நான் எழுதியது.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் நடத்தும் 'ரிகார்ட்ஸ்' ஆய்வில் 2003 முதல் 2007 வரை 30,239 பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் 45 வயதோ அதற்கு மேலோ ஆன கறுப்பினத்தவரும் வெள்ளையரும். 45 வயதில் கறுப்பினத்தவருக்கு முதல் பக்கவாதம் வரும் ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மேல் அழுத்தம் 10 புள்ளி கூடினால் வெள்ளையருக்கு ஆபத்து 8 சதவீதம் ஏறுகிறது, கறுப்பினத்தவருக்கு 24 சதவீதம். எனக்கு உறைத்தது இன்னொரு கணக்கு. தனக்குப் பிரஷர் இருப்பது தெரிந்து மருந்து எடுப்பவர்கள் கறுப்பினத்தவரில்தான் அதிகம். அது கட்டுக்குள் இருப்பவர்களோ குறைவு. அப்புறம் எப்படி அவர்களை அலட்சியக்காரர்கள் என்பது?

அவர் வீட்டு முகவரி வடக்கு பர்மிங்ஹாம். யார் எங்கே குடியிருக்கலாம் என்று நிறத்தை வைத்துப் பிரிக்கும் சட்டத்தை 1926-இல் இந்த நகரம் போட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யக் கால் நூற்றாண்டு ஆனது. நிலக்கரியைச் சுட்டு எஃகு உலைக்கான கோக் எரிபொருள் தயாரிக்கும் ஆலைகளின் ஓரம் யாருக்கு ஒதுங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலேஜ்வில், ஹாரிமன் பார்க், ஃபேர்மான்ட் பகுதி வீட்டுத் தோட்டங்களின் மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருந்ததால் மத்திய சுற்றுச்சூழல் துறை மண்ணையே தோண்டி எடுத்துப்போக வேண்டி வந்தது. ஈயம் பிரஷரை ஏற்றும். நுண்தூசி ரத்தக் குழாயைக் கெடுக்கும். நைட் ஷிஃப்ட் தூக்கத்தைப் பறிக்கும். இதில் எது அவர் கையை விழவைத்தது என்று கேட்டால் என்னிடம் ஒற்றைப் பதில் கிடையாது.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் மரத்தால், பேச்சு குழறினால், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் இங்கத்து அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்கள். காப்பீடு இல்லையே என்று தயங்காதீர்கள். காசு இருக்கிறதோ இல்லையோ, அவசரப் பிரிவு பார்த்தே ஆக வேண்டும் என்று 1986-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பில் பிற்பாடு வரும், அது வேறு தலைவலி.

அவருக்கு மாத்திரையை மாற்றினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது பிரஷர் 134. டப்பா மூடியை இடது கையால் திறக்கப் பழகிவிட்டாராம். எங்கள் கணினியில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, 'ஷிஃப்ட்' என்று இல்லை. அதைக் குறிப்பின் முதல் வரியில் நானே தட்டச்சு செய்துவிடுகிறேன்.